கடலாமை நீரோட்டத்தில் மிதந்து போகிறதா, வழி தெரிந்து நீந்துகிறதா?

காட்பாடி டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைக் காட்டி, "மிஸ், இது உண்மையா?" என்று கேட்டார்கள். கடலாமை நீந்துவதே இல்லையாம். நீரோட்டத்தின் மேல் படுத்தபடியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடுமாம். பழந்தமிழ் மாலுமிகள் அதன் பின்னாலேயே பாய்மரம் விரித்துப் போய்க் கண்டங்களைக் கண்டார்களாம். ஆதாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கே ஒரு கேள்வியும் இருக்கிறது. ஆமை பூமியின் காந்தத்தை உணர்ந்து வழி கண்டுபிடிக்கிறது என்று படித்தேன். நம் ஆய்வகத்தில் காந்த ஊசியைத் தொங்கவிட்டால் அது கொஞ்சம்தான் சரிகிறது. ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் இந்தக் கோணம்தான் காந்தச் சரிவு. டெல்லியில் அது 40 டிகிரிக்கு மேல். நம் பக்கம் பத்து டிகிரிக்குப் பக்கம்தான். இவ்வளவு குறைவான சரிவை வைத்துக்கொண்டு வங்கக்கடலில் ஓர் ஆமை எதைக் கண்டுபிடிக்க முடியும்? குறிப்பாகப் பச்சை ஆமையைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை
டீச்சர், சொந்த ஊர் வேலப்பாடி. பிழைப்பு ராமநாதபுரம் கடற்கரையில், கடற்புல் ஆய்வில். பச்சை ஆமையை அங்கே மீனவர்கள் பேராமை என்பார்கள். வளர்ந்த பேராமைக்குக் கடற்புல்லும் பாசியும்தான் முக்கிய உணவு. அதனால் என் வேலையில் அது தினமும் குறுக்கே வரும்.

முதலில் மிதக்கும் கதை. முட்டையிலிருந்து வந்து கடலில் இறங்கிய குஞ்சு முதல் சில வருஷங்களைத் திறந்த கடலில் கழிக்கிறது. அந்தப் பருவத்தில் நீரோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை காணொளியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். மெக்சிகோ வளைகுடாவில் சின்னப் பச்சை ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டார்கள். அதே இடத்தில், நீரோட்டத்தோடு மட்டும் போகக்கூடிய மிதவைகளையும் விட்டார்கள். வெறுமனே மிதந்தால் இரண்டும் ஒரே பக்கம்தானே போக வேண்டும்? மிதவைகள் ஒரு வழி போயின, ஆமைகள் வேறு வழி போயின. அந்த வயசிலேயே அவை நீந்தித் திசையை மாற்றிக்கொள்கின்றன.

வளர்ந்த ஆமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அட்லாண்டிக் நடுவில் அசென்ஷன் என்று ஒரு தீவு. பரப்பு 90 சதுர கி.மீ.கூட இல்லை. பிரேசில் கரையில் மேயும் பேராமைகள் 2,000 கி.மீ.க்கு மேல் நீந்தி அங்கே போய் முட்டையிட்டுவிட்டு, மறுபடி பிரேசிலுக்கே திரும்புகின்றன. எப்படிப் பார்த்தாலும் ஒரு வழியில் எதிர்நீச்சல் போட்டே ஆக வேண்டும். வேகம் மணிக்கு இரண்டு மூன்று கி.மீ. தான், ஆனால் இரவு பகல் நிற்காது.

காந்தத்தைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். அதை அவசரமாக எழுத மனசு வரவில்லை.

சோளிங்கர் தமிழன்
ஐயா, வெள்ளைக்காரன் ஆய்வு சொன்னால்தான் நம்புவீர்களா? நம் முன்னோர் கடல் கடந்தது பொய்யா? ஆமையின் பாதையிலேயே தமிழ்ப் பெயர் கொண்ட துறைமுகங்கள் இருப்பதாக அந்தக் காணொளியில் வரைபடத்தோடு காட்டுகிறார்களே.

பாலாற்றங்கரை
நம் முன்னோர் கடல் கடந்தது சத்தியம், அண்ணா. எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே, குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகங்களில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் குளோங் தோம் என்ற இடத்தில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் வெட்டிய பொற்கொல்லர் உரைகல் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று இவை. இவ்வளவு இருக்கும்போது ஆமையைச் சாட்சிக்கு இழுக்க என்ன தேவை?

ஆமையைக் கப்பலில் பின்தொடர முடியாது என்பதற்குக் கடலில் ஒரு நாள் இருந்தாலே போதும். மூச்சு எடுக்கத் தலையை நீட்டும், சில விநாடி, அவ்வளவுதான், முழுகிவிடும். திரும்ப எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. அலை கொஞ்சம் எழும்பினால் பத்தடி தூரத்தில் இருப்பதுகூடக் கண்ணில் படாது. பருவக்காற்றும் நட்சத்திரமும் தெரிந்த மாலுமிக்கு மணிக்கு மூன்று கி.மீ. போகிற வழிகாட்டி எதற்கு? நம் ஆட்களின் கடலறிவு இதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன்.

குடியாத்தம் மாணவி
அண்ணா, நான் விலங்கியல் இரண்டாம் வருஷம். ஆமை நட்சத்திரம் பார்த்துப் போகலாம் இல்லையா? போன மாசம் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அந்த வானத்தைப் பார்த்ததிலிருந்து இதே யோசனை.

பாலாற்றங்கரை
நல்ல கேள்விம்மா. 1967-லேயே பச்சை ஆமையின் கண்ணைச் சோதித்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் தெளிவாகப் பார்க்கும் கண் அது. தலையை வெளியே நீட்டினால் கடுமையான கிட்டப்பார்வை. காவலூரில் நீ பார்த்த நட்சத்திரக் கூட்டம் எதுவும் அதற்கு உருவமாகத் தெரியாது. வெளிச்சம், இருட்டு என்ற பேதம் தெரியும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு கடல் பக்கத்து வெளிச்சத்தை நோக்கி ஓடுவது அதனால்தான். கரையோரத்து விளக்கைப் பார்த்து ரோட்டுக்கு ஏறிச் செத்துப்போவதும் அதனால்தான்.

பாலாற்றங்கரை
டீச்சர் கேட்ட காந்த விஷயம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கென்னத் லோமன் என்பவரின் குழு 30 வருஷத்துக்கு மேலாக இதிலேயே இருக்கிறது. 2004-ல் அவர்கள் வெளியிட்ட சோதனை முழுக்கப் பச்சை ஆமையில் செய்தது. ஃபுளோரிடா கரையில் பிடித்த இளம் ஆமைகள். ஒவ்வொன்றுக்கும் துணியில் ஓர் அங்கி மாட்டி, வட்டமான தண்ணீர்த் தொட்டியின் நடுவில் சுழலும் கம்போடு கட்டிவிட்டார்கள். ஆமை எந்தப் பக்கம் நீந்துகிறதோ அந்தப் பக்கம் கம்பு திரும்பும், கணினி குறித்துக்கொள்ளும். தொட்டியைச் சுற்றிலும் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் விட்டு, வேண்டிய காந்தப்புலத்தை உண்டாக்கலாம். சுமார் 340 கி.மீ. வடக்கே உள்ள ஓரிடத்தின் புலத்தை வைத்தபோது ஆமைகள் தெற்கே நீந்தின. அதே தூரம் தெற்கே உள்ள இடத்தின் புலத்தை வைத்தபோது வடக்கே. தொட்டி இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. தான் இடம் மாறிவிட்டோம் என்று ஆமை முடிவு செய்து, வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. வடக்கு எது என்று காட்டுவது மட்டுமல்ல, 'நான் எங்கே இருக்கிறேன்' என்றும் காந்தம் அதற்குச் சொல்கிறது.

இங்கேதான் உங்கள் சந்தேகம், டீச்சர். நம் பக்கம் சரிவு குறைவு, சரி. சரிவே இல்லாத காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் போட்டதே அதற்காகத்தான். ஆனால் ஆமைக்கு வேண்டியது சரிவின் அளவு அல்ல, இடத்துக்கு இடம் அது எவ்வளவு மாறுகிறது என்பதுதான். பூமியை ஓர் எளிய இருமுனைக் காந்தமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிவின் டேன்ஜென்ட், காந்த அட்சரேகையின் (காந்த நடுக்கோட்டிலிருந்து அளக்கும் அட்சரேகை) டேன்ஜென்ட்டைப் போல இரு மடங்கு. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிகிரி வடக்கே போனால் சரிவு கிட்டத்தட்ட இரண்டு டிகிரி ஏறும். ஃபுளோரிடா மாதிரி இடத்தில் அதே தூரத்துக்கு ஒரு டிகிரிதான் ஏறும். வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று சரிவைக் கொண்டு அறிய, நம் கடல் அங்கேயுள்ளதைவிட வசதியான இடம்!

குறையும் உண்டு. புலத்தின் வலிமை நம் பக்கம் சுமார் 40,000 நானோடெஸ்லா. நடுக்கோட்டை ஒட்டி அது மெதுவாகத்தான் மாறும். இரண்டு அளவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் இடம் துல்லியமாகும், அதில் ஒன்று இங்கே மங்கல். இன்னொரு சிக்கல், ஆமையின் திசைகாட்டி நம் ஊசியைப் போல வடமுனை தென்முனை பார்ப்பதில்லை. காந்தக்கோடு எந்தப் பக்கம் கீழே சாய்கிறது என்றுதான் பார்க்கிறது. பெருந்தலை ஆமைக் குஞ்சில் 1993-ல் காட்டினார்கள். காந்தக்கோடு சாயாமல் கிடையாகக் கிடக்கும் நடுக்கோட்டில் அந்தத் திசைகாட்டி எப்படி வேலை செய்யும்? நம் தென்கோடிக் கடலில் தொட்டியும் கம்பிச் சுருளும் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை இது. இதை நம் பிள்ளைகள் யாராவது செய்ய வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

காட்பாடி டீச்சர்
சார், இரு மடங்கு என்ற கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இதை அப்படியே கரும்பலகையில் எழுதப் போகிறேன். ஒரு சந்தேகம். காந்தம் இல்லாமல் செய்தால் ஆமை வழி தவறுமா? அதுதானே நேரான சோதனை.

பாலாற்றங்கரை
செய்திருக்கிறார்கள். விடை இரண்டு விதமாக வந்தது. அசென்ஷன் ஆமைகளின் தலையில் காந்தம் ஒட்டி விட்டார்கள், 2000-ல் வெளியான ஆய்வு. காந்தப்புலம் குழம்பியும் அவை பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தன. 2007-ல் மொசாம்பிக் கால்வாயில் மயோட் தீவின் ஆமைகளைக் கடலில் நூறு கி.மீ.க்கு மேல் கொண்டுபோய் விட்டு அதே மாதிரி செய்தபோது, காந்தம் வைத்த ஆமைகள் தீவுக்குத் திரும்ப ரொம்பச் சுற்றின. என் கருத்து: பிரேசில் கரை நீளமானது, ஏதாவது ஒரு பக்கம் தட்டுப்படும். சின்னத் தீவுக்கு அந்தச் சலுகை இல்லை. அசென்ஷனிலேயே இன்னொரு சோதனையில், தீவிலிருந்து காற்று வீசும் பக்கத்தில் விட்ட ஆமைகள் எளிதாகத் திரும்பின. காற்றோடு வரும் வாசனையும் கடைசிக் கட்டத்தில் உதவுகிறது போல.

நம் இந்துமாக்கடலிலேயே நடந்த வேலை ஒன்று. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் டியகோ கார்சியாவில் முட்டையிட்ட 33 பச்சை ஆமைகளுக்குக் கருவி பொருத்தி, கிரேம் ஹேஸ் குழு 2020-ல் வெளியிட்டது. சில ஆமைகள் பக்கத்திலேயே நின்றுவிட்டன, சில 4,000 கி.மீ. தாண்டி ஆப்பிரிக்கா போயின, இரண்டு மாலத்தீவுக்கு. பல ஆமைகள் குறியைத் தாண்டி நூற்றுக்கணக்கான கி.மீ. விலகிப் போய், பிறகு நடுக்கடலில் திரும்பியிருக்கின்றன. பஸ்ஸில் தூங்கிப்போய் ஆற்காடு தாண்டி விழித்தவர் இறங்கி எதிர்ப் பஸ் பிடிப்பாரே, அப்படி. அதனால் அதன் வரைபடம் முரட்டு வரைபடம். ஆனால் தவறியதை உணர்ந்து திருத்திக்கொள்ளத் தெரிகிறது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம்.

சத்துவாச்சாரி லேப்
நான் மருத்துவ ஆய்வகத்தில் இருக்கிறேன், வேலூரில் ஆய்வகத்துக்கு என்ன பஞ்சம். போன வருஷம் கடற்கரை மாவட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவர் நண்பருக்காக ஆமை ரத்த ஸ்லைடு பார்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து இந்த விஷயத்தில் பைத்தியமாகிவிட்டேன். வழி கண்டுபிடிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உடம்பைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

ஆமைக்கு ரத்தம் எடுப்பது கழுத்தின் மேல்பக்கம், நடுக்கோட்டுக்கு இரு புறமும் ஓடும் நாளத்தில். தலையைக் கொஞ்சம் கீழே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நாம் தினமும் எடுக்கும் ஊதாமூடி இ.டி.டி.ஏ. குழாயில் போட்டால் ஆமையின் சிவப்பணு உடைந்துபோகலாம். பச்சைமூடி ஹெப்பாரின் குழாய்தான். அடுத்தது ரத்த அணுக்களை எண்ணும் கவுண்டர் மெஷின். மனுஷ ரத்தத்துக்குச் செய்த மெஷினில் இதைக் கொடுத்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஏனென்றால் ஆமையின் சிவப்பணுவுக்கு நடுவில் உட்கரு இருக்கிறது. தட்டணுவுக்கும் உட்கரு இருக்கிறது. மெஷின் எல்லாவற்றையும் வெள்ளையணு என்று எண்ணிவிடும். நாட்-ஹெரிக் சாயம் போட்டு, நியூபாவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்துக் கண்ணால் எண்ண வேண்டும். ஸ்லைடில் நம் நியூட்ரோஃபிலுக்குப் பதில் ஹெட்டெரோஃபில் என்ற வெள்ளையணு, உள்ளே செங்கல் நிறத்தில் குச்சி குச்சியாகத் துகள். முதன்முதலில் லென்ஸில் அதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்து மேஜைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டேன்.

பச்சை ஆமையை அதிகம் தாக்கும் ஒரு நோய் உண்டு, ஃபைப்ரோபாப்பிலோமா. கண், கழுத்து, துடுப்பின் அடி எல்லாம் காலிஃபிளவர் மாதிரிக் கட்டி. கண்ணை மறைத்தால் மேய முடியாது, பட்டினியில் சாகும். 1938-லேயே பதிவாகியிருக்கிறது. ஒரு ஹெர்பஸ் வகை வைரஸ் இதோடு சேர்ந்தே காணப்படுகிறது. ஆனால் வைரஸ் இருக்கும் எல்லா ஆமைக்கும் கட்டி வருவதில்லை. கழிவு கலந்த கரையோரங்களில் அதிகம் என்று பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் 2018-ல் இந்தக் கட்டிகளின் மரபணுவைப் படித்து, மனுஷப் புற்றுக்கட்டிகளோடு ஒத்துப்போகும் இடங்களைக் காட்டினார்கள். நமக்குப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபுளோரோயுராசில் மருந்தையே அறுவைக்குப் பிறகு ஆமைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளுக்காகவே வாழும் இந்த ஊரிலிருந்து இதற்குக் கை கொடுக்க முடியும் என்று முழுசாக நம்புகிறேன்.

ராணிப்பேட்டை தோல்
நான் தோல் தொழிலில் 20 வருஷத்துக்கு மேல். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கழிவு என்றதும் நெஞ்சு உறுத்துகிறது. எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் குரோமியக் கழிவுக் குவியல் மட்டுமே ஒரு லட்சம் டன்னுக்கு மேல். பாலாறு வயலூர் பக்கம் கடலில் சேருகிறது. அங்கே ஆமை செத்து ஒதுங்குவதற்கு நாங்கள் காரணமா?

பாலாற்றங்கரை
அண்ணா, நீங்கள் இதைக் கேட்டதற்கே கும்பிட வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

பாலாற்றுக்கு நடந்த அநியாயம் நிரூபிக்கப்பட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. நிலத்தடி நீரும் விவசாயமும் பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கிய ஆமைகள் பங்குனி ஆமைகள், பேராமை அல்ல. பெரும்பாலும் இழுவலையில் சிக்கி, மூச்சு எடுக்க மேலே வர முடியாமல் இறந்தவை. அதைக் குரோமியத்தின் தலையில் போட்டால் வலை தப்பித்துவிடும். பாலாறு கடலைத் தொடுவதே 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால்தான். குரோமியம் ஆமைக்குப் போகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. ஓட்டின் மேல்சில்லு நம் நகம் மாதிரி அடுக்கடுக்காக வளர்வது. துளி சுரண்டி எடுத்து உலோகம் அளக்கலாம், ஆமைக்கு வலிக்காது. ரத்தத்திலும் அளக்கலாம். அளந்த பிறகு யார் பொறுப்பு என்று பேசுவோம். அளக்காமல் பேசினால் நாளைக்கு நிஜமான கணக்கு வரும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

வயலூர் மருமகன்
பொண்ணு எடுத்தது வயலூர்ல, நான் ஆற்காட்டு ஆளு. மாமனார் படகு வச்சிருக்கார். வலையில ஆமை அசையாம வந்தா செத்துட்டுதுன்னு தூக்கிப் போட்றாங்க. பாதி உசுரோடதான் கீது. இதுக்கு எதனா செய்ய முடியுமா?

பாலாற்றங்கரை
முடியும் தம்பி. மாமனாரிடம் சொல்லுங்கள். மல்லாக்கப் போடக்கூடாது, வயிறு கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். பின்பக்கத்தை அரையடி போல உயர்த்தி முட்டுக் கொடுத்தால் நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில் வைத்து, ஈரச்சாக்கு போர்த்தி, மூக்கை மட்டும் மூடாமல் விட வேண்டும். கண்ணோரம் மெல்லத் தொட்டால் அசைகிறதா என்று அவ்வப்போது பார்க்கலாம். நாலு மணி நேரமாவது விட வேண்டும், சில ஆமைக்கு ஒரு நாள்கூட ஆகும். தெளிந்த பிறகு, இன்ஜினை நிறுத்தி, வலை இல்லாத இடத்தில் மெதுவாக இறக்க வேண்டும். வனத்துறைக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள், எல்லாக் கடலாமையும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பவை.

ஆம்பூர் பஷீர்பாய்
2025 அக்டோபரில் அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் பச்சை ஆமையை அழியும் நிலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று படித்தேனே. எண்ணிக்கை கூடிவிட்டது என்றால் இவ்வளவு கவலை எதற்கு?

பாலாற்றங்கரை
பாய், செய்தி உண்மை, சந்தோஷமான செய்தி. 50 வருஷப் பாதுகாப்புக்குக் கிடைத்த கூலி. ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டில் 2018-ல் பார்த்தபோது, அங்கே பிறந்த இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண். முட்டை கிடக்கும் மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது, 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் போகப் போகப் பெண்.

லட்சத்தீவில் வேறு கதை. அகத்தியில் பேராமை பெருகிக் கடற்புல்லை மொட்டையடித்துவிட்டு, அடுத்தடுத்த தீவுக்குப் போயிற்று. புல் போனதால் மீன் குறைந்தது என்று மீனவர்களுக்கு ஆமைமேல் கோபம். ஆமை கூடினால் மட்டும் போதாது, அது மேயும் புல்லும் வேண்டும். என் பிழைப்பே அந்தப் புல்தான் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அந்தத் தீவுகளைப் பற்றிப் பேசும்போது சதீஷ் பாஸ்கரை நினைக்காமல் முடியாது. 1982-ல் மழைக்காலம் முழுக்க, ஆளில்லாத சுஹேலித் தீவில் தன்னந்தனியாக இருந்து பச்சை ஆமைகளைக் கணக்கெடுத்தார். மழைக்காலத்தில் படகே வராது. மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, வீட்டுக்கே வந்துவிட்டது. 2023-ல் காலமானார். இந்தியக் கரையோரம் ஆயிரக்கணக்கான கி.மீ. கால்நடையாகவே நடந்து ஆமை எண்ணியவர். குடியாத்தம் தங்கச்சி, அவரைப் பற்றித் தேடிப் படிம்மா.

குடியாத்தம் மாணவி
படிக்கிறேன் அண்ணா. ஸ்லைடு பார்க்க நான் சத்துவாச்சாரிக்கு வரலாமா அக்கா?

சத்துவாச்சாரி லேப்
தாராளமா வாம்மா. பழைய ஸ்லைடு வைத்திருக்கிறேன். நியூபாவர் சேம்பரில் எண்ண முதலில் கோழி ரத்தத்தில் பழகு. கோழிக்கும் உட்கரு உள்ள சிவப்பணுதான், கறிக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஹெப்பாரின் குழாயை மறக்காதே.

காட்பாடி டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. காணொளிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துவிட்டது, மிதவைச் சோதனையையே சொல்லிவிடப் போகிறேன். இன்னொன்று செய்யலாம் என்று தோன்றுகிறது. வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளில் ஒரே முறையில் காந்தச் சரிவை அளந்தால், டிகிரிக்கு இரண்டு டிகிரி ஏறுகிறதா என்று பிள்ளைகளே பார்க்கலாம். நாகர்கோவில், மதுரை, திருச்சி, சென்னைப் பக்கம் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சேருங்கள். சார், அளப்பதில் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

பாலாற்றங்கரை
இரும்பு மேஜையில் வைக்காதீர்கள், மர ஸ்டூல் நல்லது. ஜன்னல் கம்பி, செல்போன் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். சரிவு வட்டத்தை (சரிவை அளக்கும் கருவி) முதலில் காந்த வடக்கு தெற்காகத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் சரிவு கூடுதலாகக் காட்டும். நம் பக்கம் சரிவு சின்னது என்பதால் ஊசியின் எடை ஒரு பக்கம் துளி சாய்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஒரு முறை அளந்த பிறகு முனைகள் மாறும்படி ஊசிக்குத் திரும்பக் காந்தமேற்றி, மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். ஊர், தேதி, அட்சரேகை மூன்றையும் சேர்த்து இந்த இழையிலேயே போடுங்கள், நான் மண்டபத்தில் அளந்து போடுகிறேன்.